ஓரத்தில் கோடில்லாத காசு

மார்ச் 4

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் கைபேசியை டிவி மேல் வைத்துவிட்டுப் போனதால் இதை எழுதவேண்டியிருக்கிறது. மறந்து வைத்தீர்களா, வேண்டுமென்றே வைத்தீர்களா என்று எனக்கும் உங்கள் மகளுக்கும் இரண்டு நாள் வாக்குவாதம். சார்ஜரையும் ஒழுங்காகச் சுற்றிப் பக்கத்திலேயே வைத்திருக்கிறீர்கள் என்று அவள் எடுத்துக் காட்டினாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. "சாப்பாடு மேசையில இருக்கு", "மாத்திரை தீந்துபோச்சு", இவ்வளவுதான்.

டிரைவர் வீட்டில்தான் இருப்பீர்கள் என்று நினைத்து, உங்கள் பழைய டைரியில் இருந்த முகவரிக்கு அனுப்புகிறேன். இருபது வருஷம் ஒரே பேருந்தில் அவர் ஓட்ட நீங்கள் டிக்கெட் கொடுத்திருக்கிறீர்கள். வேறு யார் வீட்டிலும் போய் இறங்க உங்களுக்கு மனம் வராது.

அன்று நான் கத்தியது தவறு. ஆனால் ஏன் கத்தினேன் என்பதையும் நீங்கள் பார்க்கவேண்டும். பதினோரு வருஷமாக, வாரம் தவறாமல், வங்கியில் சில்லறை ரோல்களை வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் பிரிக்கிறேன். ஒரு ரோலில் ஐம்பது காசு. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, பழையது எதுவும் இல்லையென்றால் மறுபடி சுருட்டி, பார்த்தாயிற்று என்பதற்கு அடியில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, வேறொரு வங்கியில் கொண்டுபோய்க் கட்டுகிறேன். எல்லாம் அந்த ஒரு காசுக்காக. அது அச்சான வருஷத்தில் மட்டும் அச்சடிக்கிற இயந்திரத்தில் ஏதோ கோளாறு. ஓரத்தில் கோடு விழாமல் சில நூறு காசுகள் வெளியே வந்துவிட்டன. பதினோரு வருஷம் என் கண்ணில் படாத அது, பொழுது போகாமல் ஆறு மாதமாக என்னோடு உட்கார்ந்த உங்கள் கட்டைவிரலில் பட்டது. சந்தோஷம்தான். நான் வேலையிலிருந்து வரும்வரை அதை அப்படியே வைத்திருந்தால் இன்னும் சந்தோஷம்.

பின்னறையில் நான் பல் செட்டுக்குப் பாலிஷ் போடுகிற மோட்டாரில் வைத்து, பாலிஷ் மாவு போட்டு, பளபளவென்று தேய்த்துக் கையில் கொடுத்தீர்கள். பழைய காசைத் தேய்க்கவே கூடாது மாமா. மேலே படிந்திருக்கிற கறுப்புதான் அதற்கு மரியாதை. அது போய்விட்டால் சேகரிக்கிறவன் எவனும் தொடமாட்டான்.

அதனால்தான் வாய் தவறியது. "முப்பது வருஷம் காசை எண்ணினீங்களே, ஒரு தடவையாவது அதைப் பாத்தீங்களா?" என்று கேட்டிருக்கக் கூடாது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

டாக்டர் ஏப்ரல் ஏழு, எட்டு என்கிறார். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து வருகிற குழந்தை. வந்துவிடுங்கள்.

மாப்பிள்ளை


மார்ச் 9

மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. எழுத்து நன்றாக இருக்கிறது, பல் செய்கிற கை அல்லவா. மன்னிப்பு நான்கு வரி, என்மேல் குற்றப்பத்திரிகை ஒரு பக்கம். டிரைவர் விரல் வைத்து அளந்தே காட்டினார்.

எனக்குக் கோபம் எதுவும் இல்லை. கோபம் இருந்திருந்தால் அந்த மோட்டாரின் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் கிளம்பியிருப்பேன். நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன், அவ்வளவுதான். கெடுத்தது நான், ஆகவே அதே மாதிரி இன்னொன்றைத் தேடி எடுத்துக்கொண்டுதான் அந்த வீட்டுப் படி ஏறுவேன். உங்கள் ஊரில் ஓடுகிற அதே சில்லறைதான் இங்கேயும் ஓடுகிறது.

இங்கே இரண்டு வங்கி. சந்தைப் பக்கம் பழையது, பேருந்து நிலையத்துக்கு எதிரே புதியது. காலையில் பழையதில் பத்து ரோல் வாங்குகிறேன், டிரைவர் வீட்டு மாடியில் உட்கார்ந்து பிரிக்கிறேன், மதியம் புதியதில் கட்டுகிறேன். நீங்கள் செய்கிற மாதிரியே சிவப்புப் புள்ளியும் வைக்கிறேன். பழைய வங்கியில் கேஷியராக இருக்கிற பெண், இவ்வளவு சில்லறை எதற்கு, கடை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். ஆமாம், டீக்கடை என்று வாயில் வந்துவிட்டது. இப்போது தினமும் வியாபாரம் எப்படி என்று விசாரிக்கிறாள். நேற்று பால் விலை ஏறிவிட்டது என்று அழுதுவிட்டு வந்தேன். எங்கே போய் முடியுமோ தெரியவில்லை.

காசைப் பார்த்தேனா இல்லையா என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இன்னொரு நாள் சொல்கிறேன். திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். கொடுத்த டிக்கெட்டைத் திரும்ப வாங்குகிற வழக்கம் எங்கள் வேலையில் கிடையாது.

மகளிடம் நான் சௌக்கியம் என்று சொல்லுங்கள். இரும்பு மாத்திரையைத் தொட்டிச் செடியில் போடாமல் விழுங்கச் சொல்லுங்கள். முழங்கால் வீக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டாம். எழுதிவிட்டேன், அடித்தால் அசிங்கமாக இருக்கும். அந்த வரியை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டாதீர்கள்.

மாமா


மார்ச் 14

அன்புள்ள மாமாவுக்கு,

அந்த வரியைத்தான் அவள் முதலில் படித்தாள். தபால்காரரிடம் கடிதத்தை வாங்கியதே அவள்தான். "என்ன வீக்கம், எந்தக் கால்?" என்று என்னைக் குடைகிறாள். நான் என்ன சொல்லட்டும்? எந்தக் கால் என்றாவது எழுதுங்கள்.

ஒரு கணக்குச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். நான் பதினோரு வருஷத்தில் குறைந்தது மூன்று லட்சம் காசு பார்த்திருப்பேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நீங்கள் இருப்பது இரண்டே வங்கி உள்ள ஊர். ஒரு நாளைக்குப் பத்து ரோல் வீதம் பிரித்துக்கொண்டிருந்தால், குழந்தை பள்ளிக்கூடம் போகிற வரையில் அந்த மாடியிலேயே இருக்கவேண்டியதுதான்.

எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. வேலை செய்கிற இடத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. போன வாரம் ஒரு செட்டில் இடதுபக்கக் கோரைப் பல்லை வலதுபக்கம் வைத்துவிட்டேன். பல் டாக்டர் திருப்பி அனுப்பினார், கூடவே ஒரு துண்டுச் சீட்டில், "உங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று எழுதி. ரோல் வாங்கி மூன்று வாரமாகிறது. சாப்பாட்டு மேசை சுத்தமாக இருக்கிறது, அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நீங்கள் தேய்த்த காசு என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். முகம் தெரிகிறது, அவ்வளவு பளபளப்பு. பாலிஷ் வேலை என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஓரம்கூடச் சீராக வந்திருக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சல்.

உங்கள் மகள் இப்போதெல்லாம் தெருமுனையில் பேருந்து நிற்கிற சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போகிறாள். நேற்று என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசினாள். "அப்பா வராம நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பமாட்டேன்." டாக்டரிடம் சொன்னேன், அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வீம்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியாது.

காசு வேண்டாம் மாமா. சத்தியமாக வேண்டாம்.

மாப்பிள்ளை


மார்ச் 19

மாப்பிள்ளைக்கு,

இடது கால்.

உங்கள் கணக்கு சரிதான், ஆனால் நிலைமை அதைவிட மோசம். நேற்றுப் பழைய வங்கியில் வாங்கிய பத்து ரோலில் ஏழின் அடியில் சிவப்புப் புள்ளி இருந்தது. என் புள்ளிதான். நான் மதியம் புதிய வங்கியில் கட்டுவதை அவர்கள் சாயங்காலம் பழையதற்கு அனுப்புகிறார்கள், மறுநாள் காலையில் அதையே காசு கொடுத்து வாங்கிவருகிறேன். ஊரில் ஓடுகிற காசெல்லாம் எனக்கு முகம் பழகிவிட்டது. விளிம்பில் பள்ளம் விழுந்த ஒன்று இதுவரை நான்கு தடவை வந்து வணக்கம் சொல்லிவிட்டது. இப்போது குழப்பம் வராமலிருக்கப் புள்ளிக்குப் பக்கத்தில் தேதியும் போடுகிறேன்.

புள்ளி இருந்தால் ஒதுக்கிவைக்கவேண்டியதுதானே என்பீர்கள். முடியவில்லை. ஒருவேளை அன்றைக்குக் கவனிக்காமல் விட்டிருந்தால் என்று தோன்றும், உடனே பிரித்துவிடுவேன். டிரைவர் நேற்றுப் பொறுக்கமுடியாமல், "ஏறின ஆளுகிட்டயே திரும்பத் திரும்ப டிக்கெட் கேக்கிறியேய்யா" என்றார். அவர் மனைவி எனக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போகிறார். மூன்று வாரமாகிறது, நல்ல மனிதர்கள். ஆனால் என் தட்டைக் கழுவுகிற சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்கத் தொடங்கியிருக்கிறது.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். நான் காசைப் பார்த்ததில்லை. கூட்டத்தில் தொங்கிக்கொண்டு யார் காசைப் பார்ப்பது? நான் பார்த்தது கையை. முழுக் காசு இல்லாதவன் கையை மூடியபடியே நீட்டுவான். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள் மீதியை எண்ணாமல் மடித்து வைத்துக்கொள்வார்கள். அந்தக் கோடில்லாத காசு என் கட்டைவிரலில் எத்தனை தடவை பட்டிருக்குமோ. எடுத்து யாருக்காவது மீதியாகக் கொடுத்திருப்பேன். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. நீங்கள் கேட்ட விதத்தில்தான் வருத்தம், அதுவும் என் மகள் எதிரே.

வரவேண்டும் என்றுதான் கை காலெல்லாம் பரபரக்கிறது. இரண்டு தடவை பேருந்து நிலையம் வரை போய்த் திரும்பினேன். ஆனால் வெறுங்கையோடு வந்து அந்த மேசையில் எப்படி உட்காருவது? நீங்கள் வேண்டாம் என்று சொல்வது பெருந்தன்மை. அதை வைத்துக்கொண்டு நான் சாப்பிட முடியாது.

மாமா


மார்ச் 24

அன்புள்ள மாமாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். இன்று ஒரு டாக்டருக்கு இரண்டு செட் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியிருந்தது. உங்கள் ஊர் வழியாகத்தான் பேருந்து போனது. இறங்க நேரமில்லை, மன்னியுங்கள்.

நான் யோசித்துப் பார்த்தேன். காசைத் தேடவேண்டாம் என்று உங்களிடம் சொன்னது சரியில்லை. யாருக்கு எங்கே அதிர்ஷ்டம் என்று யார் கண்டது? பழைய வங்கியை விட்டுவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை வாக்கில் போய்ப் பாருங்கள். பழைய வங்கிகளில் சில சமயம் எங்கோ மூலையில் கிடந்த ரோல் வெளியே வரும், நான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

உங்கள் மகள் நலம். இப்போது ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம் பேசுகிறாள். மூன்றிலும் நீங்கள் வருகிறீர்கள்.

மாப்பிள்ளை


மார்ச் 28

மாப்பிள்ளைக்கு,

கிடைத்துவிட்டது. நேற்றுப் பழைய வங்கியில் வாங்கிய ரோலில். அதே வருஷம், ஓரம் வழுவழுவென்று இருக்கிறது. டிரைவர் தெருவில் இருக்கிற எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

வருகிற தேதியைப் பிறகு எழுதுகிறேன்.

மாமா


ஏப்ரல் 1

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாவது தடவையும் உங்களுக்கே கிடைத்திருக்கிறது என்றால் அதை என்னவென்று சொல்வது? ரோலில் எத்தனையாவது காசாக வந்தது? பார்த்ததும் தெரிந்ததா, தொட்டதும் தெரிந்ததா? எல்லாவற்றையும் எழுதுங்கள். இல்லை, எழுதவேண்டாம், நேரில் வந்து சொல்லுங்கள். நான்கு நாளாகிறது, ஏன் இன்னும் கிளம்பவில்லை? தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டி இரண்டு வீடு போனபிறகும் நான் வாசலிலேயே நிற்கிறேன்.

ஒன்று சொல்லவேண்டும். இதை இவ்வளவு நாள் எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் நீங்கள் தேய்த்ததற்காக இல்லை. நீங்கள் கண்டுபிடித்ததற்காக. பதினோரு வருஷம் நான் உட்கார்ந்த நாற்காலியில் ஆறு மாதம் உட்கார்ந்தவருக்குக் கிடைத்துவிட்டதே என்று வயிறு எரிந்தது. நீங்கள் அதை அப்படியே கறுப்பாகக் கொடுத்திருந்தாலும் வேறு ஏதாவது காரணம் கண்டுபிடித்துக் கத்தியிருப்பேன். தேய்த்துக் கொடுத்தீர்கள், எனக்குச் சுலபமாகப் போயிற்று.

குழந்தை இல்லாத எட்டு வருஷமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல்தான் நான் அந்த ரோல்களைப் பிரித்தேன். இப்போது குழந்தை வருகிறது, என்ன செய்வது என்று இப்போதும் தெரியவில்லை. தனியாக இருந்து தெரிந்துகொள்ளப் பயமாக இருக்கிறது.

நேற்று அவளுக்கு லேசாக வலி வந்து நின்றுவிட்டது. இன்னும் நாள் இருக்கிறது என்கிறார் டாக்டர். பையை எடுத்து வைத்திருக்கிறோம். அவள் அதன் மேல் உங்கள் கைபேசியை வைத்திருக்கிறாள், முழுசாகச் சார்ஜ் போட்டு.

மாப்பிள்ளை


ஏப்ரல் 3

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் கேட்டபடி எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை பத்து ரோல் கேட்டேன். கேஷியர் பெண் ஒன்பதைப் பெட்டியிலிருந்து எடுத்தாள், ஒன்றை மட்டும் மேசைக்குள்ளிருந்து எடுத்தாள். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீக்கடை எப்படி நடக்கிறது என்றும் கேட்கவில்லை. மாடியில் வந்து பிரித்தேன். பதினேழாவது காசு. தொட்டதும் தெரிந்தது. கத்திவிட்டேன், டிரைவர் பாதிச் சவரத்தோடு ஓடிவந்தார்.

பிறகுதான் ரோல் தாளைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் சிவப்புப் புள்ளி, பக்கத்தில் 23 என்று என் கையெழுத்து. திங்கட்கிழமை நான் இரண்டு தடவை புரட்டிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று சுருட்டிக் கட்டிய ரோல். திங்கட்கிழமை இல்லாத காசு வெள்ளிக்கிழமை எப்படி ஏறியது? நடுவில் நீங்கள் இந்த ஊர் வழியாகப் போன செவ்வாய்க்கிழமைதான் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், சரியாக ஐம்பது. ஒன்றை வைத்தவர் ஒன்றை எடுத்தும் இருக்கிறார், ஒழுங்கான ஆள். தாளின் மடிப்பில் இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் தூள். பல் செட்டின் ஈறைத் தேய்த்தால் பறக்கிற தூள், ஆறு மாதம் உங்கள் வீட்டில் நான் சாப்பிட்ட சோற்றிலெல்லாம் விழுந்த தூள்தான். மேல் மடிப்பைப் பார்த்துச் சுருட்டினீர்கள், அடியைப் பார்க்கவில்லை. முப்பது வருஷம் டிக்கெட் கொடுத்தவன் காதில் பூச்சுற்ற வந்தீர்களே.

எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்கமாட்டேன். நீங்கள் பதில் எழுதினால் அந்தக் கடிதத்தை யார் முதலில் படிப்பாள் என்று எனக்குத் தெரியும்.

தெரிந்தும், கிடைத்துவிட்டது என்று உங்களுக்கு எழுதினேன். நம்பின மாதிரி வந்துவிடலாம், எல்லோருக்கும் நல்லது என்று பார்த்தேன். பெட்டியை இரண்டு தடவை கட்டி இரண்டு தடவை அவிழ்த்தேன். இத்தனை நாள் வெறுங்கையோடு வர வெட்கப்பட்டேன், இப்போது இந்தக் கையோடு வர வெட்கமாக இருந்தது. கோபமும் இருந்தது. ஊர் வரைக்கும் வந்துவிட்டு, நூறு அடியில் இருக்கிற வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசாமல் போனீர்களே என்று. ஒரு வார்த்தை பேசியிருந்தால் அன்றைக்கே உங்களோடு பேருந்தில் ஏறியிருப்பேன், மாப்பிள்ளை. காசு செலவே இல்லை.

இன்று மதியம் உங்கள் கடிதம் வந்தது. வயிறு எரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த இடத்தை நான்கு தடவை படித்தேன். டிரைவரிடம் பெட்டியை இறக்கச் சொல்லிவிட்டேன். நீங்கள் உண்மையைச் சொன்னபிறகு நானும் ஒன்று சொல்லவேண்டும்.

பழைய காசைத் தேய்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். முதல் வாரமே நீங்கள் சொல்லிவிட்டீர்கள். மறக்கவில்லை. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, நான் வேலை முடிந்து வந்தால் உங்கள் அத்தை வாசலிலேயே நிறுத்திவிடுவாள். "கையக் கழுவிட்டு வந்து குழந்தையத் தொடுங்க." அவள் சொன்னது நியாயம்தான், நாள் முழுக்கச் சில்லறையைப் பிடித்த கை கரியாக இருக்கும். சோப்புப் போட்டுத் தேய்ப்பேன், மண் போட்டுத் தேய்ப்பேன், விரல் இடுக்கில் கறுப்பு போகாது. அதற்குள் குழந்தை தூங்கிவிடும். பெரும்பாலும் அவள் மடியில் கிடக்கும்போதுதான் என் மகளை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் காசை எடுத்த அன்று என் விரலைப் பார்த்தேன், அதே கறுப்பு. பதினோரு வருஷம் காத்திருந்தவருக்கு அழுக்காக எடுத்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கூடாது என்று தெரிந்தே தேய்த்தேன். அது அறிவில்லாத வேலைதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை காலை முதல் பேருந்தில் வருகிறேன். ஒருவேளை இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிட்டால், நானே பிரித்துப் படித்துக் காட்டுகிறேன். அதுவரை அவள் ஜன்னலுக்கு ஓடாமல் படுத்திருக்கட்டும். நான் தேய்த்த காசை இழுப்பறையிலிருந்து எடுத்து உயரமான இடத்தில் வையுங்கள், பளபளப்பைப் பார்த்துக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். அதற்கு இன்னும் ஆறேழு மாதம் ஆகும் என்பீர்கள். இப்போதே வையுங்கள்.

நீங்கள் வைத்த காசு அதே தாளில் அப்படியே இருக்கிறது. துணியால்கூடத் துடைக்கவில்லை.

வாசல் குழாயடியில் ஒரு புதுச் சோப்பு வாங்கி வைத்திருங்கள்.

மாமா